இதர வருமானம்

முன்னால் இன்னும் இரண்டு பேர். ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம் என்று வைத்தாலும் பதினாலு நிமிஷம்தான். சாப்பாட்டு நேரம் முடிய அரை மணிக்கு மேல் இருக்கிறது. ஆக, இன்றைக்குத் தப்பிக்க வழியில்லை. மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் யாரும் கேட்காமலே அவள் மனசுக்குள் ஓடும், நிறுத்தென்றாலும் நிற்காது. எதிரில் டிபன்பாக்ஸ் திறந்தபடி இருந்தது. தயிர்சாதத்தின் மேல் எலுமிச்சை ஊறுகாய் சிவப்பாய்க் கசிந்து ஓரமாய் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள், தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். பாளையங்கோட்டையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கெல்லாம் ஜூலை மாசமானால் இது ஒரு சடங்கு. ஆடிட்டர் ஆபீசிலிருந்து பூபாலன் சார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு டீச்சர்கள் அறைக்கே வந்துவிடுவார். ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் வருமான வரிக் கணக்கைப் போட்டுக் கொடுப்பார். பக்கத்து மேஜையில் கிளார்க் வடிவக்கா எல்லாருடைய சம்பளச் சான்றிதழ்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிடுவாள். நல்ல ஏற்பாடுதான், யாரும் அலைய வேண்டாம். ஆனால் பூபாலன் சாருக்கு இடது காது கேட்காது. சின்ன வயசில் தீபாவளி வெடியில் போனதாம். தனக்குக் கேட்காததால் ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவர் எதையும் கத்தித்தான் கேட்பார், பதிலையும் கத்தித்தான் சொல்லச் சொல்வார். பதினோரு வருஷமாக இந்த அறையில் ஒருத்தர் கடன் இன்னொருத்தருக்குத் தெரியும், ஒருத்தர் வட்டி இன்னொருத்தருக்குத் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்ளும்படி ஒன்றும் இருந்ததில்லை, அவர்களுக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அந்த மெசேஜ் வந்தது. வருமான வரித் துறையிலிருந்து, இங்கிலீஷில், மூன்று வரி. உங்கள் கணக்கில் காட்டாத தகவல்கள் சில எங்களிடம் இருக்கின்றன, பார்த்துச் சரி செய்யவும். அவ்வளவுதான். என்ன தகவல் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்துக்கு ஓர் எல்லை இருந்திருக்கும். அன்றைக்குக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அவளுக்குத் தெரியாது, மகள் இலக்கியா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னம்மா, சோறு கஞ்சியாயிட்டு, நீ பாத்துக்கிட்டு நிக்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். அதிலிருந்து நாலு நாளாக இதே நினைப்புதான். துறைக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாக அம்மாவையும் அண்ணனையும் மகளையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாத விஷயம், முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஓர் ஊரில் ஒரு கம்ப்யூட்டரில் தெரிந்துவிட்டது. அவர்கள் ஜீப்பில் வருவார்களோ. பள்ளிக்கூடத்துக்குத்தானே வருவார்கள், சம்பளம் கொடுக்கிற இடம் இதுதானே. காலைப் பிரேயர் நடந்துகொண்டிருக்கும், எண்ணூறு பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்க்க, மங்கையர்க்கரசி யாரு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அப்படியெல்லாம் வர மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரியும். புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரிய வேண்டுமே. சரி, இங்கே வேண்டாம், தனியாகப் போய்ப் பூபாலன் சாரைப் பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆடிட்டர் ஆபீசுக்கே போனாள். ஒரு பலகாரக் கடைக்கு மாடியில் ஆபீஸ். ஆறு படி ஏறியிருப்பாள், மேலேயிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா இறங்கி வந்தார். "என்ன டீச்சர், நீங்களும் இங்கதானா?" என்று சிரித்தார். இல்லை, கடைக்கு வந்தேன், வழி தெரியாமல் ஏறிவிட்டேன் என்று உளறி, இறங்கி, அரைக்கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த மிக்சர் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

"செண்பகராமன் சார், வாடகை வருதுல்லா?" என்று பூபாலன் சார் கத்தினார். டிராயிங் மாஸ்டர் செண்பகராமன் நாற்காலியில் நெளிந்தார். "எந்த வாடகை சார்?" "பெருமாள்புரத்துல மாடி போர்ஷன் விட்டிருக்கீங்கள்லா, ஒம்பதாயிரம்?" அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். போன மாசம்தான் கைமாற்று கேட்டவர்களிடமெல்லாம் வீட்டில் அரிசி வாங்கவே காசில்லை என்று மூக்கால் அழுதிருந்தார் மாஸ்டர். "அது மச்சினன் பேர்ல..." "மச்சினன் பேர்லன்னா அவர் கணக்குல வரணும், உங்க கணக்குல ஏன் வருது?" மறுபடி சிரிப்பு. மாஸ்டரும் வழிந்துகொண்டே சிரித்துவிட்டார், குட்டு வெளிப்பட்டுவிட்டது, முடிந்தது, இனி ஒரு வாரம் கேலி பண்ணுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்களே. வாடகைக்குச் சிரிப்பார்கள். அவளுடையதற்குச் சிரிக்க மாட்டார்கள். அதுதான் பயம். சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு டிபன்பாக்ஸைப் பார்த்தால் என்ன செய்வது. அதற்கப்புறம் இந்த அறைக்குள் எப்படி நுழைவது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு. கையெழுத்துப் போட வரும்போது பேச்சு நின்றுபோகும். சுமங்கலிகளுக்கு வெற்றிலைபாக்கு கொடுக்கிற இடத்தில் கை ஒரு விநாடி தயங்கும். கழுத்தில் கிடக்கிற சங்கிலியை ஒவ்வொருத்தியும் ஒரு தடவை பார்ப்பாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. போட்டிருந்தது கவரிங். அசல் தாலியைக் குடும்பநல கோர்ட் வராந்தாவில் வைத்து புருஷன் வீட்டு ஆட்கள் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணத்தில் அவர்கள் போட்டது அவர்களுக்கு, இவர்கள் போட்டது இவர்களுக்கு, அதுதான் பேச்சு. மறுநாள் லீவு போட்டு, திருநெல்வேலி டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், தன்னைத் தெரியாத ஒரு கடையில், பார்த்தால் அதே மாதிரி இருக்கிற ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டிக்கொண்டாள். வேர்வை பட்டுப் பட்டுப் பத்து மாசத்தில் கறுத்துவிடும். இது நாலாவது.

வக்கீலம்மா அப்போதே சொன்னாள். நல்ல மனுஷி, காசுக்குப் பேசுகிறவள் இல்லை. "மொத்தமா வாங்கிருங்க டீச்சர். அவரு ஒத்துக்கிட்டாரு, இருபது லட்சம் தாரேங்காரு. ஒரேயடியா வாங்கினா அதுக்கு வரி கெடையாது. மாசா மாசம் வாங்கினீங்கன்னா அது உங்க வருமானம், வருஷா வருஷம் நீங்க கணக்குல காட்டி வரி கட்டணும். அவருக்கும் அதுல கழிவு ஒண்ணும் கெடையாது. ரெண்டு பேருக்கும் லாபமில்ல. எதுக்கு இந்தத் தொந்தரவு?" மங்கையர்க்கரசி இல்லை, மாசா மாசம்தான் வேண்டும் என்றாள். மொத்தமாக வந்தால் அண்ணன் வியாபாரத்துக்குக் கேட்பான், கொடுத்தால் திரும்பாது என்று காரணம் சொன்னாள். அதுவும் உண்மைதான், அண்ணன் அன்றைக்கே கண்ணால் அளந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் அது காரணம் இல்லை. காரணத்தை அவள் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மாசம் ஐந்தாம் தேதி போனில் அவர் பெயர் வரும். கோமதிநாயகம் என்று முழுசாக, பாங்க் மெசேஜில், பதினெட்டாயிரம் வரவு என்று. அந்தப் பெயர் வேண்டியிருந்தது. முன்பு மஸ்கட்டிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் அதே ஐந்தாம் தேதிதான், அதே கணக்குதான். அப்போது அது வீட்டுச் செலவு, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோர்ட்டில் பெயர் கூப்பிட்டு, ஒரு கையெழுத்துப் போட்டு, பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்ததும் அந்தப் பணத்துக்கு வேறு பெயராகிவிட்டது. அவர் சம்பாதித்து, அவர் வரி கட்டி, மிச்சத்திலிருந்து அனுப்புகிறார். அதற்கு மறுபடியும் இவள் வரி கட்ட வேண்டும். ஏனென்றால் இப்போது அவர் யாரோ, இவள் யாரோ. சர்க்கார் அதைத்தான் ஒரு வரியில் எழுதித் தா என்கிறது. அவளால் எழுத முடியாமல் போனது அந்த ஒரு வரிதான். வரியைக் கட்டுவதற்கு அவள் தயங்கவில்லை. இரண்டு வருஷமாக, மாசம் இவ்வளவு என்று எடுத்துக் கூட்டுறவு பாங்கில் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருக்கிறாள், என்றைக்காவது கேட்டால் கட்டிவிடலாம் என்று. திருடிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பூபாலன் சார் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "வேற வருமானம் உண்டா டீச்சர்?" என்று கத்தினார். இரண்டு தடவையும் இல்லை என்றாள். இல்லை என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

கைப்பைக்குள் போன் நடுங்கியது. துறையாக இருக்கும், இன்னொரு மெசேஜ், இந்தத் தடவை விவரமாக. பையைத் திறக்காமல் மேலாகத் தொட்டுப் பார்த்தாள், என்னமோ தொட்டால் தெரிந்துவிடப் போகிற மாதிரி. அப்புறம்தான் இன்றைக்குத் தேதி ஐந்து என்று உறைத்தது. மற்ற மாசமாக இருந்தால் ஐந்தாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்திருப்பாள், டிபன்பாக்ஸுக்குப் பக்கத்தில், எஸ்தர் டீச்சர் கண்ணில் படுகிற மாதிரி. இங்கிலீஷ் டீச்சர் எஸ்தர்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நெருக்கம், பதினாறு வருஷப் பழக்கம். மெசேஜ் வெளிச்சம் போட்டதும் எஸ்தர் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, உன் வீட்டுக்காரர் டாண்ணு அஞ்சாந்தேதி அனுப்பிர்றாருப்பா! எனக்கு வாய்ச்சதும் இருக்கே" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மங்கையர்க்கரசி ஒரு மாசம் காத்திருப்பாள். அதைக் கேட்டதும் அடுத்த ஐந்தாம் தேதி வரைக்கும் பயமில்லாமல் இருக்கும். மஸ்கட்டில் அவருக்கு இப்போது வேலையில்லை என்பதும், மதுரையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார் என்பதும், இன்னொரு கல்யாணம் ஆகிவிட்டது என்பதும் மெசேஜில் வராதே.

கல்யாணமான செய்தியை அண்ணன்தான் போனில் சொன்னான், சாதாரணமாக, மழை பெய்கிறதா என்று கேட்கிற குரலில். அந்த மாசம்தான் ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். லீவில் அவர் வந்துவிட்டுப் போனார் என்று சொல்ல வேண்டியிருந்ததே, வந்தால் ஏதாவது கொண்டுவர வேண்டாமா. நல்ல காலத்தில் அவர் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா ஒன்று வீட்டில் இருந்தது, மூடியில் அரபி எழுத்தோடு. மார்க்கெட்டில் மைதீன் கடையில் ஒரு கிலோ வாங்கி, அதில் அடுக்கி, ஒரு விலை ஸ்டிக்கர்கூட இல்லாமல் பார்த்துப் பார்த்து எடுத்து, இப்போது வடிவக்கா உட்கார்ந்திருக்கிற மேஜைமேல் வைத்துத் திறந்தாள். எல்லாரும் எடுத்தார்கள். வடிவக்கா பேரப்பிள்ளைக்கென்று நாலு பழத்தைப் பேப்பரில் மடித்துக்கொண்டு, "நல்லாருக்கு டீச்சர். சார் அடுத்தாப்ல எப்ப வாராவ?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றாள் மங்கையர்க்கரசி. அடுத்த ஜூனிலும் டப்பா வந்தது, இந்த ஜூனிலும் வந்தது. வடிவக்காவிடம் மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோர்ட்டில் முடிந்த மாசமே சேமநிதி நாமினி பாரத்தில் கணவர் பெயரை அடித்துவிட்டு இலக்கியா பெயரைப் போட்டுக் கொடுத்தாள். வடிவக்கா வாங்கிப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை, பார்க்காத மாதிரியும் தெரியவில்லை. சீல் குத்தி, ஃபைலில் சொருகி, "வெயில் என்னமா அடிக்கி, பாத்தீங்களா" என்றாள். பார்த்திருந்தால் கேட்டிருப்பாளே. கேட்கவில்லை, ஆகையால் பார்க்கவில்லை. மூன்று வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு, விடை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"எஸ்தர் டீச்சர்" என்று வடிவக்கா கூப்பிட்டாள். எஸ்தர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்தது நான். ஏழு நிமிஷம். எஸ்தருக்கு ஐந்துகூட ஆகாது, சம்பளம் ஒன்றுதான். எழுந்து வெளியே போய்விடலாமா. தலைவலி என்று சொல்லலாம். எட்டாம் வகுப்பு நோட்டுத் திருத்த வேண்டும் என்று சொல்லலாம். நாளைக்கு? நாளைக்கும் இதே மேஜை. யார் யார் பாக்கி என்று வடிவக்கா பட்டியல் வைத்திருப்பாள், நீங்க மட்டும்தான் டீச்சர் பாக்கி என்பாள், ஏன் என்று ஒரு கேள்வி முளைக்கும். அல்லது இந்த வருஷமும் இல்லை என்று சொல்லிவிடலாம், சுத்தமாக, கண்ணைப் பார்த்து. ஆனால் மெசேஜ் வந்திருக்கிறதே. பூபாலன் சார் அவள் பக்கத்தைத் திறந்ததும் அதில் எழுதியிருக்குமே, இன்னாரிடமிருந்து ஜீவனாம்சம் என்று. அவர் அதை வாசிப்பார். அவருக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து இந்த அறைக்குள் விழுந்து, மேஜைக்கு மேஜை உருண்டு, சுவரோரத்தில் சாப்பிடுகிற தையல் டீச்சர் வரைக்கும் போகும். இலக்கியாவிடம் இன்றைக்குச் சாயங்காலம் என்ன சொல்வது. பாவம் அந்தப் பிள்ளை, அப்பா மஸ்கட்டில் இருக்கிறார் என்று அதுவும் தன் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது, அம்மா சொல்லிக்கொடுத்த பொய்யைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ஒரு தடவை கேட்டது, "நாம எப்பம்மா உண்மைய சொல்லலாம்?" என்று. பத்தாம் வகுப்பு முடியட்டும் என்றாள். முடிந்துவிட்டது. பன்னிரண்டு முடியட்டும் என்றாள். மேலே ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது இப்போது கழன்று விழுந்தால்கூட நல்லதுதான், யாருக்கும் அடிபடாமல், மேஜைமேல், லேப்டாப்மேல்.

"மங்கையர்க்கரசி டீச்சர்."

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்த சூடு இருந்தது. எஸ்தர் போகாமல் பக்கத்திலேயே நின்று, பேப்பரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போ, எஸ்தர், போயேன். பூபாலன் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ தட்டினார், திரையைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார், குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அந்தப் புருவத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாகப் பயந்தது அதுதான், அந்தச் சுருக்கம்தான்.

"டீச்சர், ஒண்ணு விட்டுப்போயிருக்கே. டிபார்ட்மெண்ட்லேர்ந்து மெசேஜ் வந்துச்சுல்லா?"

"வந்துச்சு சார்."

"என்னன்னு தெரியுமா?"

சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர்."

ஒரு விநாடி அவளுக்கு எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. லேப்டாப்பின் மூலையில் ஒட்டியிருந்த முருகன் படம், அவர் விரலில் ஒட்டியிருந்த மை, ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் டிபன்பாக்ஸ் கழுவுகிற பிள்ளைகளின் இரைச்சல். அவர் வாயால் வருவதற்கு முன்னால் தன் வாயால் வந்துவிடட்டும் என்று நினைத்தாளா, இல்லை, நினைக்கவே இல்லையா. வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்: "ஜீவனாம்சம் சார். மாசம் பதினெட்டாயிரம். எனக்கு விவாகரத்து ஆயிட்டு. மூணு வருஷம் ஆச்சு."

அவள் பயந்தபடியே நடந்தது. ஒரே நேரத்தில் எல்லாப் பேச்சும் நின்றது. ஸ்பூன் ஒன்று டிபன்பாக்ஸில் தட்டி நின்றது. ஃபேன் மட்டும் ஓடியது. பூபாலன் சார் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. செருப்புக் காலோடு பூஜை அறைக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி.

"அது... இதுல இல்லியே டீச்சர்," என்றார். "இது கூட்டுறவு பாங்க் டெபாசிட் வட்டி. மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு ரூவா. அதத்தான் கேட்டேன்."

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. வரி கட்டவென்று எடுத்துவைத்த பணம் போட்ட குட்டி. விவாகரத்து விஷயம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எந்த ஊரிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. இந்த மூன்று வருஷமும் தெரிந்திருக்கவில்லை, இனியும் தெரிந்திருக்காது. அவளே சொல்லிவிட்டாள். சொன்னதை உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள். காது இரண்டும் கொதித்தன. பயம் போகவில்லை. இவ்வளவு நாள் முன்னால் நின்ற பயம் இப்போது பின்னால் வந்து பிடரியில் மூச்சு விட்டது. திரும்பிப் பார்க்காமலே எல்லார் கண்ணும் தன் கழுத்தில் இருப்பது தெரிந்தது.

முதலில் பேசியவள் எஸ்தர். "மூணு வருஷமா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவருக்காக ஜெபம் பண்ணியிருக்கேன் அரசி. அவர் ஏறுற ஃப்ளைட் பத்திரமா எறங்கணும்னு. எங்கிட்டயுமா?" மங்கையர்க்கரசி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எஸ்தர் என்று மட்டும் சொன்னாள். எஸ்தர் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தச் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து போயிற்று. பிறகு யாரோ ஊறுகாய் இருக்கா என்று கேட்டார்கள், யாரோ இந்தா என்றார்கள்.

பூபாலன் சார் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டாள். மெதுவாகப் பேசவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மாசா மாசம் வாரதுன்னா காட்டணும் டீச்சர், அதான் மொறை. முந்தின ரெண்டு வருஷத்துக்கும் திருத்திப் போட்டுரலாம், கூடக் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். பயப்படாதீங்க, நாமளா போய்க் கட்டிட்டா ஒண்ணும் வராது. மொத்தமா வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே கெடையாது. வக்கீல் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"சொல்லியுமா?"

அவள் லேப்டாப் மூலையில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். அவர் திரைப் பக்கம் திரும்பினார். "இதர வருமானம்னு ஒரு எடம் இருக்கு, அதுல போட்டுருதேன்" என்று தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே, "அப்பா பேரு ஆவுடையப்பன். சரிதான?" என்றார். சரி என்றாள். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "வீட்டுக்காரர் பேரு?" என்று அவளே கேட்டாள். "அது இதுல கெடையாது டீச்சர். அப்பா பேரு மட்டுந்தான்." இரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தக் கட்டத்தில் அந்தப் பெயர் வரப்போகிறதோ என்று கைகால் உதறிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கட்டமே இல்லையாம். வருஷத்துக்கு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் என்று திரையில் விழுந்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெரிய தொகைதான். டெபாசிட்டில் இருப்பது அதற்குப் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். மாசா மாசம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

எழுந்தாள். சம்பளச் சான்றிதழில் கையெழுத்துப் போட வடிவக்கா மேஜைக்குப் போக வேண்டும். அங்கே போகத்தான் இப்போது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது, அந்த மேஜையில்தானே வருஷா வருஷம் டப்பாவைத் திறந்தாள். வடிவக்கா காகிதங்களை அடுக்கித் தட்டி, பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை நீட்டினாள், இங்க டீச்சர் என்று இடத்தைக் காட்டினாள். முகத்தை நிமிர்த்தவில்லை. மங்கையர்க்கரசி கையெழுத்துப் போட்டாள், எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பேனாவைத் திருப்பி வாங்கும்போது வடிவக்கா குனிந்தபடியே, பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அடுத்த ஜூனுக்குப் பேரீச்சம்பழம் வாங்காண்டாம் டீச்சர். மைதீன் கடையில கிலோ நானூத்தம்பது ஆக்கிட்டான்."

நாமினி பாரம், சீல், வெயில். முதல் டப்பாவைத் திறந்தபோதே வடிவக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்துத் தின்றாள், தெரிந்துதான் சார் எப்ப வாராவ என்று ஒவ்வொரு வருஷமும் தவறாமல் கேட்டாள், மங்கையர்க்கரசியே சொல்லட்டும் என்று.

வடிவக்கா ஃபைலின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "ஆனா, பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.